இடப்பக்கம் திரும்பாத வலம்புரி அண்ணை

சுவிட்சர்லாந்தில் கார் ஓடத் தெரிந்த அத்தனை தமிழர்களிலும், இடப்பக்கம் திரும்பாமலே குடும்பம் நடத்திக் காட்டியவர் வலம்புரி அண்ணை ஒருவர்தான். இதை நான் சும்மா சொல்லவில்லை. நாலு வருடம் அவருடைய வான் வண்டியில் பக்கத்துச் சீட்டில் இருந்தவன் சொல்கிறேன்.

அந்த நாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் மலையை எழுதுகிறார்கள், ஏரியை எழுதுகிறார்கள். வட்டச்சந்திகளை விட்டுவிடுகிறார்கள். கிரைசல் என்று அங்கே பெயர். பத்து வீடும் ஒரு பால்பண்ணையும் உள்ள ஊரில்கூட நடுவில் ஒரு கிரைசல் இருக்கும். அதன் நடுவில் இரும்பில் செய்த பசுமாடு ஒன்று நிற்கும். எங்கள் ஊரில் வண்டிகள் தெருவின் இடப்பக்கம் ஓடுவதால், வட்டச்சந்தியைச் சுற்றும்போது நடுவில் இருப்பது நமக்கு வலக்கைப் பக்கம் வரும், கோயிலைச் சுற்றுவது மாதிரி. சுவிஸில் வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன. அதனால் சுற்றினால் பசுமாடு இடக்கைப் பக்கம் வரும். இதை ஆயிரக்கணக்கான தமிழர்கள் தினமும் வேலைக்குப் போகும்போது செய்கிறார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தோன்றியதில்லை. வலம்புரி அண்ணைக்குத் தோன்றியது.

"தம்பி, இடப்பக்கமாச் சுத்திறது சுடலையில மட்டும்தான். தோளில தண்ணிக் குடத்தை வைச்சுக்கொண்டு மூண்டு தரம். ஒவ்வொரு சுத்துக்கும் குடத்தில ஒரு ஓட்டை போடுவினம். பேந்து திரும்பிப் பாக்காமல் வாறது. எனக்கு இஞ்ச ஆரும் சாகேல்லை. நான் ஏன் சுத்தவேணும்?"

அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்கும் அளவுக்கு நான் படித்தவன் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. அதற்குப் பிறகு கொழும்பு, அதற்குப் பிறகு மூன்று நாடுகள், அதற்குப் பிறகு சூரிச்சில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவி, அந்தக் கடையின் சாமான் அறையிலேயே அரிசி மூட்டைகளுக்கு நடுவில் படுத்தேன். கடை கை மாறியபோது மூட்டைகளையும் என்னையும் வெளியே எடுத்து வைத்தார்கள். மூட்டைகளுக்குப் போக இடம் இருந்தது. ஆராவ் என்ற ஊரில் தமிழ்க்கடை வைத்திருந்த ஒருவர், ஊருக்கு வெளியே பழைய கார்களை உடைத்து விற்கும் இடத்தில் ஆள் தேவை என்றார். போனேன். ஒரு காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

"உமக்கு என்ன தெரியும்?" என்று கால்கள் கேட்டன.

"ஒண்டும் தெரியாது அண்ணை."

"நல்லது. தெரிஞ்ச ஆக்கள் வந்தா எனக்குக் கரைச்சல். அந்த ஸ்பானரைத் தாரும்."

அன்றைக்குப் பின்னேரமே, அந்தக் கால்களுக்குச் சொந்தக்காரரான அண்ணை என்னைத் தன்னுடைய வீட்டுக்குக் கூட்டிப்போனார். உடைக்கும் இடத்திலிருந்து வீடு கூப்பிடு தூரம் இல்லை என்றாலும் பெரிய தூரமும் இல்லை. நடந்திருந்தால் முதலில் போய்ச் சேர்ந்திருப்போம். முதலாவது கிரைசலில் இடப்பக்கம் போகவேண்டும். அண்ணை வலப்பக்கம் திரும்பினார். பிறகு இன்னொரு வலப்பக்கம். பிறகு இன்னொன்று. மூன்று வலம் சேர்ந்தால் ஒரு இடம் என்பதை நான் வாழ்க்கையில் அப்போதுதான் அறிந்தேன். அந்த மூன்று வலத்துக்கும் நடுவில் ஒரு ஆப்பிள் தோட்டம், ஒரு தேவாலயம், ஒரு மாட்டுத் தொழுவம் எல்லாவற்றையும் கடந்தோம். தொழுவத்துக் கிழவர் தினமும் எங்களைப் பார்த்துப் பார்த்து, அந்த இலையுதிர் காலத்தில் வானை மறித்து ஒரு பெட்டி ஆப்பிள் தந்தார். எங்களை அந்த ஊர்க்காரர் என்றே அவர் நினைத்துவிட்டார்.

கிரைசலில் வலப்பக்கம் திரும்பினால் அது சுற்றில் சேராது என்பது அண்ணையின் சட்டம். நேரே போனால் அரைச் சுற்று; அதை அவசரத்துக்கு மட்டும், உதட்டைக் கடித்துக்கொண்டு செய்வார். இடப்பக்கம் போனால் முக்கால். முக்காலுக்கு மன்னிப்புக் கிடையாது.

இப்படிப்பட்டவர் லைசென்ஸ் எடுத்தது எப்படி என்று நீங்கள் கேட்பீர்கள். லைசென்ஸ் அவர் முன்பே வைத்திருந்தார். இந்தச் சட்டம் வந்த பிறகு ஒரு நாள் போலீஸ்காரர் ஒருவர் ஒரே வானை ஒரே பின்னேரத்தில் ஒரே தெருவில் இரண்டு தரம் கண்டு சந்தேகப்பட்டு, மறுபடி சோதனை ஓட்டம் ஓடிக் காட்டும்படி எழுதிவிட்டார். சோதிக்க வந்தவர் முதலாவது கிரைசலில் "இடப்பக்கம்" என்றார். அண்ணை வலப்பக்கம் திரும்பினார்.

"நான் இடப்பக்கம் என்றேன்."

"விளங்கினது ஐயா. அங்கதான் போறம். கொஞ்சம் சுத்திப் போறம்."

இரண்டு தரம் தவறினார். மூன்றாவது தரம் வந்தவருக்குப் பல்வலி. கன்னத்தைப் பிடித்தபடி எங்கேயாவது ஓட்டு என்று கையைக் காட்டிவிட்டார். அண்ணை வலம் வலமாக ஓட்டிச் சோதனை நிலையத்துக்கே கொண்டுவந்து நிறுத்தினார். இவ்வளவு அமைதியான ஓட்டுநரைக் கண்டதில்லை என்று அந்த மனிதர் சொன்னாராம். வலம்புரி என்று எங்கள் ஆட்கள் பட்டம் வைத்தது அந்த மூன்றாவது சோதனைக்குப் பிறகுதான். அவருடைய சொந்தப் பெயரை நான் அவருடைய வதிவிட அட்டையில்கூடப் பார்த்ததில்லை.

வீட்டில் அவருடைய மனைவி மலர் அக்கா எனக்குச் சோறு போட்டார். சாப்பிட்டதும் அண்ணை என்னை ஒரு அறைக்குக் கூட்டிப்போனார். சுவரோரம் ஒரு கட்டில். புதுக் கம்பளி, புது விரிப்பு, தலையணைமேல் மடித்த துவாய். பக்கத்தில் சின்ன மேசை, அதில் ஒரு மூக்குக்கண்ணாடி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அரிசி மூட்டைக்குப் பக்கத்திலிருந்து வந்தவன் அல்லவா.

"நீ இஞ்ச படு தம்பி," என்றார் அண்ணை, கட்டிலுக்குக் கீழே தரையைக் காட்டி. "மெத்தை போட்டுத் தாறன். கட்டில் ஐயாவுக்கு."

"ஐயா எப்ப வாறார்?"

"வருவார்."

நாலு வருடம் நான் ஒரு வெறும் கட்டிலுக்குக் காவல் இருந்தேன். இரண்டு கிழமைக்கு ஒருமுறை மலர் அக்கா அந்த விரிப்பை மாற்றுவார். யாரும் படுக்காத விரிப்பு. என்னுடையதை நான்தான் மாற்றவேண்டும்.

விஷயத்தை மலர் அக்காதான் சொன்னார், வெங்காயம் வெட்டிக்கொண்டு, சுருக்கமாக. ஐயா என்பது அண்ணையின் தகப்பன். வன்னியில் பஸ் ஓடியவர். அண்ணை அவருக்கு ஒரே பிள்ளை. 2009 தைப்பொங்கலன்று ரெலிபோனில் கதைத்தார்கள். கண்ணாடியின் காது ஒடிந்துவிட்டது, நூலால் கட்டிப் போட்டிருக்கிறேன், நீ புதுசு ஒன்று வாங்கி வை என்று ஐயா சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. முகாம்களில் தேடினார்கள். ஆஸ்பத்திரிகளில் தேடினார்கள். பெயர் எங்கேயும் இல்லை.

"எல்லாரும் சொல்லினம், காரியத்தைச் செய்துவிடு, ஆத்துமா அலையுமெண்டு," என்றார் அக்கா. "இவர் கேக்கேல்லை. ஆர் கண்டது எண்டுறார். அந்த வருசத்திலயிருந்துதான் இந்த வலம். இடம் சுத்தினா ஐயாவுக்குக் கொள்ளி வைச்சது மாதிரியாம். நான் ஒண்டும் சொல்லிறேல்லை தம்பி. ஆனா எத்தினை வருசத்துக்கு நான் அந்த விரிப்பைத் தோய்க்கிறது?"

அதற்குப் பிறகு வானில் மூன்று வலம் திரும்பும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழகிவிட்டது.

இனிக் கார் ஓட்டப்பந்தயம். கார் உடைக்கும் இடத்தின் முதலாளியை நாங்கள் செஃப் என்போம். அங்கே எல்லா முதலாளிகளுக்கும் அதுதான் பெயர். பெரிய வயிறும் சின்னத் தொப்பியும் உள்ள மனிதர். ஒவ்வொரு கோடை முடிவிலும், கோதுமை அறுத்த வயல் ஒன்றில் ஸ்டொக் கார் ஓட்டம் நடக்கும். மண்ணைக் கிளறி நீள்வட்டமாக ஒரு பாதை போடுவார்கள். சுற்றிவர வைக்கோல் கட்டுகளை அடுக்குவார்கள். உடைக்கப் போகிற கார்களின் கண்ணாடிகளைக் கழற்றி, கதவுகளை ஒட்டி, பெரிய இலக்கம் எழுதி ஓட்டுவார்கள். ஓட்டுகிறவர்கள் சுற்றுவட்டார ஊர்க்காரர்கள்: கூரை போடுகிறவர், பால் லொறிக்காரர், இறைச்சிக் கடைக்காரர். இடித்துக்கொள்ளலாம், அதற்காகத்தான் வருகிறார்கள். செஃப் ஒவ்வொரு வருடமும் ஒரு கார் கொடுப்பார். அண்ணை உடைந்த கார்களை இரண்டு அடுக்குகளுக்கு நடுவில் கத்திபோலப் பின்னுக்கு ஓட்டி நிறுத்துவதைப் பார்த்துவிட்டு, "நீ ஓட்டு," என்றார்.

அண்ணை இரண்டு கிழமை அந்தக் காரோடு படுத்து எழும்பினார். ஒரு விஷயத்தை மட்டும் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. ஸ்டொக் கார் ஓட்டத்தில் எல்லாரும் இடப்பக்கமாகச் சுற்றுவார்கள் என்பது செஃப்புக்குச் சொல்லத் தேவையில்லாத விஷயம். வலப்பக்கமாகச் சுற்றுவார்கள் என்பது அண்ணைக்குச் சொல்லத் தேவையில்லாத விஷயம்.

கொடி விழுந்தது. பதினாலு கார்கள் ஒரு பக்கம் போயின. ஒரு கார் வாலைச் சுழற்றி மறுபக்கம் போனது. எதிர்ப்பக்க வளைவில் அவர்கள் சந்தித்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது பதினாலு கார்களும் வைக்கோலுக்குள் நின்றன. அண்ணையின் கார் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் பாதையில் போய்க்கொண்டிருந்தது. கொடிக்காரர் சிவப்புக் கொடியோடு ஓடிவந்தார்.

"எந்தப் பக்கம் ஓடுகிறாய்?"

"நான் சரியாத்தான் ஓடுறன். இந்த நாட்டில வலப்பக்கத்தால வாறவனுக்குத்தான் முன்னுரிமை எண்டு நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள்? நான் வலப்பக்கத்தால வந்தனான்."

வெளியே போடப்பட்டார். வானில் திரும்பி வரும்போது நான் கேட்டேன், "அண்ணை, நடுவில இருக்கிறது பியர்க் கூடாரமும் அம்புலன்சும். அதை எந்தப் பக்கத்தால சுத்தினா என்ன?"

"உனக்கு அது பியர்க் கூடாரம். நான் இடம் சுத்தினா நடுவில ஆர் கிடக்கிறது எண்டு எனக்குத் தெரியும்," என்றார். பிறகு வலப்பக்கம் திரும்பினார்.

அந்த மாரிக்காலம் முழுக்க அவர் யோசித்தார். வசந்தத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில், குருக்கள் அர்ச்சனை முடித்து மூச்சு விடும் நேரம் பார்த்து அவரைப் பிடித்தார்.

"குருக்கள், ஒரு சந்தேகம். பின்பக்கமா நடந்து சுத்திறன் எண்டு வையுங்கோ. சாமி என்ர வலக்கைப் பக்கம்தான். ஆனா போற திசை மற்றப் பக்கம். அது வலமோ, இடமோ?"

குருக்கள் நெடுநேரம் கற்பூரத் தட்டைப் பார்த்தார். "ஆர் பின்பக்கமா நடக்கிறது?"

"கார்."

"சாத்திரத்தில கார் இல்லை," என்றார் குருக்கள். பிறகு மனம் இரங்கினார். "வலக்கைப் பக்கம் எண்டாச் சரிதான். ஆனா பாத்து ஓடும்."

அடுத்த கோடையில் அண்ணை பதினாலு கார்களுக்கும் கடைசியில், காரின் முகத்தைப் பின்னுக்குத் திருப்பி நின்றார். கொடி விழுந்ததும் எல்லாரும் போன திசையிலேயே போனார், ரிவேர்ஸில். கழுத்தை முறித்துப் பின்னே பார்த்தபடி, எஞ்சின் கத்தக் கத்த, முழு ஓட்டத்தையும் ரிவேர்ஸிலேயே ஓடி முடித்தார். கொடிக்காரர் புத்தகத்தைப் புரட்டினார். திசையைப் பற்றி எழுதியிருந்தது, கியரைப் பற்றி எழுதவில்லை. கடைசியாகத்தான் வந்தார். ஆனால் சனம் வாங்குப் பலகைகளில் ஏறி நின்று கத்தியது. "ரெத்தூர்! ரெத்தூர்!" பின்னுக்கு என்று அர்த்தம். பார்வையாளர் பரிசு என்று ஒரு முழுப் பன்றித் தொடை கொடுத்தார்கள். அண்ணை சைவம். அதைக் குழந்தையைத் தூக்குவதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படம் எடுத்தார். பிறகு இறைச்சிக் கடைக்காரரிடமே கொடுத்து ஒரு வட்டப் பாலாடைக்கட்டியாக மாற்றிக்கொண்டார்.

அதற்கு அடுத்த வருடமும் ரிவேர்ஸ்தான். அந்த வருடம் தூர ஊர்களிலிருந்தும் சனம் வந்தது. எங்கள் ஆட்கள் சிலரும் வந்து, "தமிழன் முன்னேறமாட்டான் எண்டதை உவர் வெள்ளைக்காரனுக்கு ஓடியே காட்டிறார்," என்று பகிடி விட்டார்கள். ஓட்டம் முடிந்து அண்ணை கழுத்துப் பிடிப்போடு ஒரு கிழமை கிடந்தார். மலர் அக்கா எண்ணெய் தேய்த்துவிட்டு, "இஞ்சேருங்கோ, ஐயா வந்தா உங்களைப் பாத்து என்ன சொல்லுவார்?" என்று கேட்டார். "கிளட்சில காலை வைச்சுக்கொண்டு ஓடாதை எண்டுவார்," என்றார் அண்ணை, சுவரைப் பார்த்தபடி. கழுத்து அந்தப் பக்கம்தான் திரும்பும்.

வருடத்தில் ஒரு நாள் அவர் வேலைக்கு லீவு எடுப்பார். ஜெனீவாவில், காணாமல் போனவர்களின் படங்களைப் பிடித்துக்கொண்டு எங்கள் சனம் சதுக்கத்தில் நிற்கும் நாள். அந்த முறை நானும் போனேன். அண்ணை பிடித்திருந்த படத்தில் ஐயா பஸ்ஸின் மிதிபலகையில் ஒரு கால் வைத்து, பஸ்ஸை இப்போதுதான் பிடித்துக் கட்டியவர் மாதிரி நின்றார். மழை தூறியது. லவுசானிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா எங்களைக் கடந்து போய், நின்று, திரும்பி வந்தார்.

"உவர் பஸ்காரப் பெரியவரெல்லே?"

நான்தான் "ஓம்," என்றேன்.

அந்த அம்மாவுக்குச் சொல்ல விருப்பம் இல்லை. சொல்லாமல் போகவும் முடியவில்லை. கடைசியில் சொன்னார். அவர்கள் பதுங்கியிருந்த பங்கருக்குப் பக்கத்துப் பங்கரில்தான் ஐயா இருந்திருக்கிறார். எல்லாருக்கும் தண்ணீர் எடுக்கப் போனவர். ஷெல் பட்டு அந்த இடத்திலேயே விழுந்தார். "நாங்கள்தான் மூடினனாங்கள் தம்பி. பூவரசுக்குப் பக்கத்தில. ஒரு சீலை போட்டுத்தான் மூடினது. சும்மா விடேல்லை."

அண்ணை ஒன்றே ஒன்று கேட்டார். "கண்ணாடி போட்டிருந்தவரோ?"

"ஓம். ஒரு காது ஒடிஞ்சு, நூல் கட்டியிருந்தது."

அவர் தலையை ஆட்டினார். படத்தைக் கவனமாக உறைக்குள் வைத்தார். ரெயிலில் ஆராவ் வரும்வரை அவர் பேசியது, நான் வாங்கிய பாணில் வெண்ணெய் கூடிவிட்டது என்பது மட்டும்தான். ஸ்டேசனில் வானை எடுத்தார். கிரைசல் வந்தது. வலப்பக்கம் திரும்பினார். பிறகு இன்னொரு வலம், இன்னொரு வலம். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மலர் அக்காவிடம் நான்தான் சொன்னேன். அவர் குருக்களைக் கேட்டார். உடல் இல்லாவிட்டாலும் தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து காரியம் செய்யலாம் என்றார் குருக்கள். அண்ணை உடன்படவில்லை. "ஐயா பஸ் ஓடின மனுசன். புல்லுப் பொம்மையில ஏறமாட்டார்." அக்கா அழுதார், கோபித்தார், பிறகு இரண்டையும் நிறுத்திவிட்டார். கட்டிலில் விரிப்பு மாறியது. அண்ணை வலமே திரும்பினார். ஐயா இறந்தது தெரிந்துவிட்டது. ஆனால் அந்த வீட்டில் அவர் இன்னும் இறக்கவில்லை.

கோடை வந்தது. அந்த வருடம் வயல் காய்ந்து, மண் மாவாகக் கிடந்தது. ஓட்டத்துக்கு முன் புழுதி அடங்கத் தண்ணீர் தெளிக்கவேண்டும். வயல்காரர் அதற்கு ட்ராக்டரில் ஒரு தாங்கியைப் பூட்டி வருவார். மற்ற நாட்களில் மாட்டுச் சாணிக் கரைசலை வயலுக்கு அடிக்கிற தாங்கி. பின்னால் குறுக்கே ஒரு குழாய், அதில் வரிசையாக ஓட்டைகள், ஓட்டைகளில் மரக்கட்டை அடைப்புகள். ஓட்டத்துக்கு முதல் நாள் அண்ணை செஃப்பிடம் போய், தண்ணீரை இந்த முறை நான் விடுகிறேன் என்று கேட்டார். பிறகு பின்னேரம் முழுக்க அந்தத் தாங்கியைக் கழுவினார். திரும்பவும் கழுவினார். ஓட்டத்தன்று காலையில் நான் போனபோது தாங்கியின் வாயில் பன்னீர்ப் போத்தில்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். தமிழ்க்கடையில் இருந்த போத்தில்கள் முழுவதும் அங்கேதான் இருந்தன.

"தம்பி, நீ தாங்கிக்குப் பின்னால நடந்து வா. நான் கை காட்டேக்க ஒரு கட்டையைக் கழட்டு. சுத்துக்கு ஒண்டு. கேள்வி கேக்காதை."

ட்ராக்டர் நடை வேகத்தில் கிளம்பியது. இடப்பக்கமாக. வைக்கோல் கட்டுகளுக்கு அப்பால் சனம் அவரை அடையாளம் கண்டுவிட்டது. "ரெத்தூர்! ரெத்தூர்!" என்று சிரித்துக் கத்தினார்கள். தொடக்கக் கோட்டில் பதினாலு கார்களும் எஞ்சினை உறுமவைத்துக்கொண்டு நின்றன. அண்ணை கையைக் காட்டினார். நான் முதலாவது கட்டையைக் கழற்றினேன். ஒரு கம்பியளவு தண்ணீர் பாய்ந்து புழுதியில் கோடு போட்டது. பன்னீர் மணத்தது, பன்னீருக்குப் பின்னால் கொஞ்சம் மாடும் மணத்தது.

இரண்டாவது கட்டையில் கை வைத்தபோதுதான் எனக்கு விளங்கியது. குடத்தில் ஓட்டை போடுகிறவன் நான் என்று.

செஃப் வயிற்றைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் ஓடிவந்தார். "இவ்வளவு மெதுவாகவா தெளிப்பது? ஒரே ஒரு ஓட்டையா? என்ன செய்கிறான்?"

எனக்குத் தெரிந்த ஜெர்மன் கோப்பை கழுவும் ஜெர்மன். அதில் சாவுக்குச் சொற்கள் குறைவு. "அவருடைய அப்பா," என்றேன்.

"இறந்துவிட்டாரா? எப்போது?"

"2009இல்."

செஃப் நடந்துகொண்டே யோசித்தார். "அடக்கம் எப்போது?"

"இப்போது."

அவர் நின்றுவிட்டார். தொப்பியைக் கழற்றினார். அந்தத் தலையில் முடி இல்லை என்பதை நான் அன்றைக்குத்தான் கண்டேன். பிறகு கோட்டில் நின்ற கார்களிடம் போய், ஒவ்வொரு ஜன்னலிலும் குனிந்து, திறப்புச் சாவியைத் திருப்புவதுபோலக் கையால் காட்டினார். ஒவ்வொன்றாக எஞ்சின்கள் நின்றன. இறைச்சிக் கடைக்காரர் மட்டும் தயங்கினார். அவருடைய கார் ஒருமுறை நின்றால் நாலு பேர் தள்ளினால்தான் மறுபடி எடுக்கும். பிறகு அவரும் நிறுத்தினார்.

சனத்துக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கார்கள் ஓய்ந்ததும் அவர்களும் ஓய்ந்துவிட்டார்கள். மூன்றாவது சுற்றில் ட்ராக்டரின் சத்தமும், மூன்று தாரைத் தண்ணீர் மண்ணில் விழும் சத்தமும் மட்டும்தான் கேட்டன. கோட்டருகே வந்ததும் அண்ணை ட்ராக்டரை நிறுத்தி இறங்கினார். திரும்பிப் பார்க்காமல் நடந்தார். நேரே, வைக்கோலைத் தாண்டி, தன்னுடைய காருக்குள் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னுக்குப் பார்த்தபடி இருந்தார். பாதை நடுவில் ட்ராக்டர் தண்ணீரைக் கொட்டிக்கொண்டு நின்றது. எனக்கு அதை ஓடத் தெரியாது. செஃப்தான் ஏறி அப்பால் கொண்டுபோனார்.

இறைச்சிக் கடைக்காரரின் காரை நாலு பேர் தள்ளி எடுக்கும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள். கொடி விழுந்தது. அண்ணை முதலாவது கியரில், எல்லாரையும்போல முன்னுக்குப் பார்த்து, எல்லாரையும்போல இடப்பக்கமாக ஓடினார். இடித்தார், இடி வாங்கினார், நடுவில் எங்கேயோ ஒரு இடத்தில் வந்து முடித்தார். சனத்துக்கு ஏமாற்றம். ரெத்தூர் என்று இரண்டு சுற்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். பன்றித் தொடை பால் லொறிக்காரருக்குப் போனது.

திரும்பும்போது முதலாவது கிரைசல் வந்தது. நான் பழக்கத்தில் வலப்பக்கம் சாய்ந்தேன். வான் இடப்பக்கம் சுற்றியது. இரும்புப் பசுமாட்டின் மற்றப் பக்கத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தப் பக்கம் அதற்கு ஒரு கன்று இருந்தது.

"அங்க பார், கண்டுக்குட்டியும் நிக்குது," என்றார் அண்ணை. அவரும் இத்தனை வருடம் கண்டதில்லை.

கதவைத் திறந்த மலர் அக்காவின் கையில் அகப்பை இருந்தது. சோறு இன்னும் உலையில் இருந்தது.

"என்ன, இவ்வளவு வேளைக்கே வந்திட்டியள்?" என்றார். கேட்டுவிட்டு, சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு அண்ணையின் முகத்தைப் பார்த்தார். அக்கா அகப்பையைக் கீழே வைத்தார்.

"அப்பிடியே நில்லுங்கோ. ரெண்டு பேரும். குளிச்சிட்டு உள்ள வாங்கோ."

செத்த வீட்டிலிருந்து வருகிறவர்கள் குளிக்காமல் உள்ளே வரக்கூடாது. ஆனால் அது நாலாம் மாடி. குளிக்கும் அறை உள்ளே இருக்கிறது. அக்கா துவாயும் வாளியும் தந்து எங்களை நிலவறைக்கு அனுப்பினார். அந்தக் கட்டடத்து எல்லாருக்கும் பொதுவான துணி தோய்க்கும் அறை அங்கேதான். இரண்டு பேரும் அரையில் துவாயோடு குந்தியிருந்து தலையில் தண்ணீர் ஊற்றும்போது, மூன்றாம் மாடிச் சீமாட்டி துணிக்கூடையோடு வந்தார். சுவரில் தொங்கிய முறை அட்டையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"இன்றைக்கு உங்களுடைய நாள் இல்லையே."

"துணி இல்லை," என்றேன் நான். "எங்களைத்தான்."

அவர் அண்ணையின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தண்ணீர் வழிகிற முகத்தில் என்ன கண்டாரோ, கூடையைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டார்.

அன்றைக்குச் சாப்பிட்டபின் அண்ணை என்னிடம், "தம்பி, இனிக் கட்டில்ல படு," என்றார். விரிப்பு மாற்றப்பட்டிருந்தது. மேசையில் கண்ணாடி இல்லை. மெத்தையை அழுத்திப் பார்த்தேன்; கடையில் சுற்றிய பிளாஸ்டிக் அப்படியே இருந்தது. படுத்துப் புரண்டபோதெல்லாம் அது சரசரத்தது.

அடுத்த மாரியோடு நான் ஆராவை விட்டுவிட்டேன். ஒரு இடத்தில் நிற்க எனக்குத் தெரியாது. இப்போது பெல்ஜியம் பக்கத்தில் பார்சல் வான் ஓடுகிறேன். மலர் அக்கா எப்போதாவது ரெலிபோன் எடுப்பார். அண்ணை இப்போது எல்லாரையும்போல இடப்பக்கம் திரும்புகிறாராம். வேளைக்கு வீட்டுக்கு வந்து, சமையலறையில் நின்று கரைச்சல் கொடுக்கிறாராம்.

நான்தான், பார்சல்கள் முடிந்து வான் வெறுமையாக இருக்கிற பின்னேரங்களில், இடப்பக்கம் போகவேண்டிய வீட்டுக்கு மூன்று வலம் திரும்பிப் போகிறேன். அப்போது மட்டும் வான் வெறுமையாகத் தெரிவதில்லை.